பாளையம், புத்தூர், இருப்பு

எங்கள் வீட்டில் தண்ணீருக்கு ‘நீள்ளு’ என்று பெயர். குடிக்கிற தண்ணீர் ‘மஞ்சி நீள்ளு’. மஞ்சி என்றால் நல்ல. சென்னைக்கு வந்து பள்ளியில் சேர்ந்த புதிதில், “டீச்சர், நல்ல தண்ணி வேணும்” என்று கேட்டேன். “அப்ப குழாயில வர்றது கெட்ட தண்ணியா?” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. வீட்டுத் தெலுங்கை அப்படியே தமிழில் போட்டு உளறிவிட்டதாகப் பல வருஷம் வெட்கப்பட்டேன். தெற்குச் சீமையில் தெலுங்கு வாசனையே இல்லாதவர்களும் ‘நல்ல தண்ணி’ என்றுதான் சொல்வார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பாட்டியை ‘அவ்வா’ என்போம். அவ்வா உயிரோடு இருந்தவரை ஒரு கதை சொல்வாள். வடக்கே ஒரு ராஜா எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டானாம். கொடுக்க மனமில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக மொத்தக் குடும்பமும் கிளம்பியதாம். குறுக்கே ஆற்றில் வெள்ளம். கரையில் நின்ற மரம் வளைந்து அக்கரையைத் தொட்டதாம், அதன்மேல் நடந்து தப்பினார்களாம். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை, தலையில் பெட்டி. பெட்டிக்குள் சாமி. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தை முதல்முறை படித்தபோது, இந்த மனுஷர் எங்கள் அவ்வாவிடம் வந்து கதை கேட்டுவிட்டுப் போயிருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் விசாரித்தால் ரெட்டியார் வீடுகளிலும் இதே கதை, கம்பளத்தார் வீடுகளிலும் இதே கதை. நகரத்தார் சொல்லும்போது பெண் கேட்ட ராஜா சோழனாகிவிடுகிறான். இத்தனை குடும்பமும் பெண் காரணமாகவே ஓடிவந்திருக்க முடியாது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

இந்த மாசியில், சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வத்திராயிருப்புக்குப் போகவேண்டும் என்றாள் அத்தை. வயது எழுபத்தெட்டு. “இன்னொரு மாசி பாப்பேனோ என்னமோ” என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டேன்.

ராஜபாளையம்

விடிகிற நேரம். மேற்கே மலைத்தொடர் கறுப்பாக நின்றது. கிழக்கே சஞ்சீவி மலை, தனியாகப் பிரிந்து வந்து உட்கார்ந்த மாதிரி. நடுவில் பஞ்சாலைகளின் ஊர். மாந்தோப்புகளில் பூ வைத்திருந்தது. சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுக்கவேண்டும்.

அத்தையின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தி இங்கே ராஜுக்கள் தெருவில் இருக்கிறார். கதவைத் திறந்ததும் “ரா, கூச்சோ” என்றார். எங்கள் தெலுங்கும் அவர் தெலுங்கும் ஒன்றில்லை. எங்களுடையதில் கரிசல் தமிழ் பாதிக்குப் பாதி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள முந்தின நாள் கோழிக்குழம்பு, தயிர்ச்சோற்றுக்குப் போன வருஷத்து ஆவக்காய் என்று காலையிலேயே மதியச் சாப்பாட்டையும் முடித்து அனுப்பினார்.

அவர் வீட்டுச் சுவரில் தாத்தா படம், அதற்குக் கீழே பெயர். பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து. தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் அப்பா பெயர், மிஞ்சிப்போனால் ஊர்ப் பெயர். ராஜுக்களுக்கு முதல் எழுத்து ‘இண்டி பேரு’, வீட்டுப்பெயர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பூ. ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர் பெயரிலுள்ள ‘பூ’, பூசபாடி. ஆந்திராவின் வடகோடியில் விஜயநகரம் சமஸ்தானத்தை ஆண்ட குடும்பத்துக்கும் அதே வீட்டுப்பெயர், அவர்கள் பூசபாட்டி என்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். விஜயநகரப் பேரரசு காலத்திலிருந்து தெற்கே இறங்கி, பாளையம் இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டவர்கள் என்று ராஜுக்கள் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். பாளையம் என்றால் படை இறங்கும் இடம். கூடாரத்தைப் பிரிக்க மறந்துபோனார்கள். ஒற்றை எழுத்தை மட்டும் மறக்கவில்லை. அந்த எழுத்தையும் கோத்திரத்தையும் வைத்துத்தான் இன்றைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும்.

“உங்க இண்டி பேரு என்ன?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“ஏதோ பல்லின்னு முடியும்.”

தெலுங்கு தேசத்து வீட்டுப்பெயர்களில் பாதி பல்லி என்றுதான் முடியும். அந்த அம்மா ஆவக்காய் ஜாடியை மூடிக்கொண்டே சிரித்தார். நோட்டின் முதல் பக்கத்தில் ‘பல்லி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்

வடபத்ரசாயி கோபுரம் ஊருக்குள் நுழைவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. பதினொரு நிலை, 192 அடி. அத்தை காருக்குள்ளிருந்தே கும்பிட்டாள்.

இந்த ஊரை உண்டாக்கியவனும் வந்தேறிதான். வில்லி, கண்டன் என்று இரண்டு வேடர்கள். கண்டனைப் புலி அடித்துவிட, வில்லி காட்டைத் திருத்தி ஊராக்கினான் என்கிறது தலபுராணம். வில்லியின் புத்தூர். புது ஊர். வந்து இறங்கியவன் வைத்த பெயர், ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகப் புதுசாகவே இருக்கிறது. ராஜபாளையத்தில் பாளையம், இங்கே புத்தூர், அடுத்துப் போகப்போவது வத்திராயிருப்பு. இருப்பு என்றாலும் தங்கியிருக்கும் இடம்தானே. இந்த மலையடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் ‘நாங்கள் முதலில் வந்தோம், அவர்கள் பின்னால் வந்தார்கள்’ என்பார்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாரையும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

தெலுங்குக்காரர்கள் இந்தச் சீமைக்கு வந்து குவிந்தது மதுரை நாயக்கர் காலத்தில். அதற்கு முன்னாலேயே அவர்களுடைய மொழி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்குகிறார். அங்குள்ள ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, ஆண்டாள் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடு என்கிறார். அப்படிப் பிறந்தது ‘ஆமுக்தமால்யதா’. சூடிக் கொடுத்தவள் என்பதைத்தான் சமஸ்கிருதத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார். அதில் வில்லிபுத்தூரைப் பற்றி ஒரு காட்சி வரும். விடிகாலையில் வாய்க்கால் ஓரம் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்குகின்றன. காவல்காரர்கள் அதைப் பார்த்து, குளிக்க வந்த பிராமணர்கள் பிழிந்து வைத்துவிட்டு மறந்துபோன துணி என்று நினைத்து எடுக்க இறங்குகிறார்கள். துணி எழுந்து ஓடுகிறது. நெல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஹம்பியில் உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு வில்லிபுத்தூர் வாத்து எப்படித் தெரிந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் மாலை இங்கிருந்து திருப்பதிக்குப் போகிறது. அவ்வா அதை ‘மன பில்ல’ புகுந்த வீட்டுக்குச் சீர் அனுப்புவதாகச் சொல்வாள். மன பில்ல என்றால் நம்ம பொண்ணு. ஆண்டாள் எந்த ஊர்ப் பொண்ணு என்ற சந்தேகமே அவளுக்கு வந்ததில்லை.

பால்கோவா வாங்காமல் இந்த ஊரைத் தாண்டினால் உறவு முறிந்துவிடும். பாலும் சீனியும் மட்டும், விறகடுப்பில் கிண்டக் கிண்ட இறுகுவது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. சென்னையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று விற்பதைத் தின்றுவிட்டு இங்கே வந்து வாயில் போட்டால் கோபம்தான் வருகிறது.

வத்திராயிருப்பு

கிருஷ்ணன்கோவில் விலக்கில் மேற்கே திரும்பினால், மலை எதிரே வந்து நிற்கிறது. தென்னந்தோப்பு, நெல் வயல், கண்மாய், மறுபடி தென்னந்தோப்பு. விருதுநகர் மாவட்டம் என்றால் வெடியும் தீப்பெட்டியும் வறண்ட கரிசலும் என்று நினைத்திருப்பவர்களை ஒருமுறை இந்த ரோட்டில் கூட்டிவரவேண்டும். இந்தப் பக்கத்துக் கூமாபட்டி 2025இல் ஒரு இளைஞரின் காணொளிகளால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயராகி, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதற்கு முன்னால், வத்திராயிருப்பைச் சுருக்கி வத்றாப் என்று சொன்னால், “வத்றாப்பா? அது எங்க இருக்கு?” என்பார்கள்.

சிவராத்திரி முடிந்ததும் அமாவாசை. சதுரகிரி சுந்தரமகாலிங்கத்துக்கு மலையேற, தாணிப்பாறையை நோக்கி வேனும் பஸ்ஸும் போய்க்கொண்டே இருந்தன. அந்த நெரிசலுக்குப் பத்தடி தள்ளி, அறுத்த வயலில் ஒரு வாத்துக் கூட்டம் மேய்ந்தது. ஐந்நூறு இருக்கும். குச்சியோடு நின்றவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். “அறுப்பு எங்கயோ அங்கதான் ஊரு” என்றார். ராயரின் வாத்துகளைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். வெயிலில் நின்றுகொண்டிருக்கும் மனுஷரிடம் காவியம் பேசக் கூச்சமாக இருந்தது.

சித்தப்பா வீடு பழைய தெருவில், பாதி ஓடு, பாதி ஒட்டு மாடி. நாங்கள் இறங்கி நிற்கும்போதே எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து கேள்வி வந்தது: “யாரு வீட்டுக்கு வந்திருக்கீக? யாரு மக?” சென்னையில் பதினாலு வருஷமாக ஒரே அடுக்குமாடியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் கார் நம்பர் தெரியும், பெயர் தெரியாது. இங்கே அத்தையின் முகத்தைப் பார்த்தே மூன்று தலைமுறையைச் சொல்லிவிட்டார் அந்தப் பாட்டி. மூன்றோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் “வடக்கயிருந்து வந்தாக” என்ற ஒரு சொல்தான்.

ஓலைச்சுவடி இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். சித்தப்பா அமைதியாகச் சொன்னார்.

“இருந்துச்சும்மா. எங்க அய்யா காலம் வரைக்கும் பரண்ல ஒரு கட்டு இருந்துச்சு. ஒரு போகிக்கு வெள்ளையடிக்கும்போது பழசோட பழசா சேத்து எரிச்சிட்டாக. கரையான் அரிச்சிருந்துச்சுன்னு சொன்னாக.”

எரித்தது யார் என்று கேட்கவில்லை. பரணில் கைவைக்கிற உரிமை பெண்களுக்குத்தான் இருந்தது, அதிலும் போகியன்று. அவ்வாவாகவே இருக்கலாம்.

மிஞ்சியது ஒரு தகரப் பெட்டி. அதில் வரி ரசீதுகள், கிரையப் பத்திரங்கள். வரிசையாக எடுத்து வைத்தபோது ஒரு வேடிக்கை. 1910க்கு முந்தினவற்றில் ‘திருநெல்வேலி ஜில்லா’. பிறகு ‘இராமநாதபுரம் ஜில்லா’. 1985க்குப் பின் ‘காமராஜர் மாவட்டம்’. இப்போது விருதுநகர். வீடு அதே இடத்தில்தான் இருந்திருக்கிறது. வம்சம் தேடி அலைகிறவர்கள் எந்த ஊர் ஆவணக் களரியில் தேடுவது என்று தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடியில் கிடந்தது மூத்த பத்திரம். மடிப்பு நாலாகப் பிளந்திருந்தது. தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிரமாதி வருஷம் மாசி மாதம். 1880. ஒரு ஏக்கர் சொச்சம் நஞ்சை. வாங்கியவர் என் தாத்தாவின் தாத்தா. எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்ததற்கு இருக்கிற ஒரே எழுத்து அதுதான். அதில் அவரை ‘கிழக்கே கரிசல் காட்டிலிருந்து வந்து குடியிருக்கும்’ என்று குறித்திருக்கிறார்கள். ஆந்திரா இல்லை, ராஜா இல்லை, வளைந்த மரம் இல்லை. ஒரு நாள் நடை தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள்.

எழுத்தர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார். விற்பதற்குக் காரணம்: ‘தாது வருஷத்துப் பஞ்சத்தில் உம்மிடம் வாங்கிய தானியக் கடனுக்காகவும்.’

தாது வருஷம் 1876. தென்னிந்தியாவையே சுருட்டிப் போட்ட பஞ்சம், 1878 வரை நீண்டது. எங்கள் ஆள் அந்தப் பஞ்சத்தில் தானியம் வைத்திருந்திருக்கிறார். கொடுத்திருக்கிறார். நாலாம் வருஷம் நிலமாகத் திரும்ப வாங்கியிருக்கிறார். பத்திரத்தின் கீழே விற்றவரின் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கோணலாக ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் வேறொருவர் கையில், ‘தற்குறி’.

“எழுதத் தெரியாதவுக இப்படிக் கீறுவாக. அதுக்குத்தான் தற்குறின்னு பேரு. இப்ப வசவா ஆயிப்போச்சு” என்றார் எழுத்தர்.

நான் தேடி வந்தது அந்தத் தாத்தாவைத்தான். ஆனால் அந்தக் கீறலை விட்டு என் கண் நகரவே இல்லை. மை தொட்ட பேனாவைப் பிடித்துப் பழக்கமில்லாத கை. ஒரு கோடு அழுத்தமாக, மற்றது நடுங்கி. எங்கள் குடும்பத்தின் வருகைக்குச் சாட்சியாக இருப்பது இன்னொரு குடும்பத்தின் கீறல். அவ்வாவின் கதையில் இந்த மனிதர் எந்த இடத்திலும் வரவில்லை.

அவர் ஆட்கள் இப்போது எங்கே? சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. மேற்கே கண்மாய்க் கரையில் மடை பார்த்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றார்கள். சாயங்காலம் போனோம். நாலரைக்கே மலை வெயிலை எடுத்துக்கொண்டது. அவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். பத்திரத்திலிருந்த வயலின் பெயரைச் சொன்னேன்.

“அந்த வயக்காரவுகளா? அவுக கண்டிக்குப் போயிட்டாக தாயி. எங்க பாட்டன் சொல்லும். ஒரு அமாவாசைக்கு நாலு வீட்டு ஆளுக மொத்தமாப் போனாகளாம். திரும்பல.”

கண்டி என்றால் கண்டி நகரம் என்று அர்த்தமில்லை. இலங்கை மலைநாடு முழுதும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கண்டிச் சீமைதான். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து, காப்பித் தோட்டத்துக்கும் பின்னால் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நாங்கள் ஒரு நாள் நடந்து வந்து இறங்கிய இடத்திலிருந்து அவர்கள் கடல் தாண்டி நடந்திருக்கிறார்கள்.

அர்ச்சுனாபுரம்

மறுநாள் காலை அத்தை நல்லதங்காளைப் பார்க்கவேண்டும் என்றாள். பக்கத்திலேயே அர்ச்சுனாபுரம். கோயிலும் கிணறும் இங்கேதான். தமிழ்நாட்டுக்கே தெரிந்த கதை: மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சத்துக்குத் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடவில்லை. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுகிறாள்.

பஞ்சம் வந்தால் எங்கே நடப்பது என்பதற்கு அந்தக் கதையே வழிகாட்டி. மழை பொய்த்தாலும் மலை ஓடைகளில் கொஞ்சமாவது கசியும் என்று மேற்கே நடந்திருக்கிறார்கள். 1976இல் பெரியாறு, கோவிலாறு என்று பிளவக்கல்லில் இரண்டு அணைகள் கட்டுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலேயே, ஓடைகளைக் கண்மாய்களில் திருப்பி நெல் விளைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்களை நம்பித்தான் பின்னால் வந்த எல்லாரும் வந்தது.

கோயிலுக்கு வந்த பெண்கள் மூளி அலங்காரியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நேற்று நடந்த மாதிரி. அத்தையும் சேர்ந்துகொண்டாள். நான் சும்மா நின்றேன். எங்கள் பாட்டனார் தானியக் குதிரைப் பூட்டி வைக்கவில்லை. திறந்துதான் கொடுத்திருக்கிறார், அளந்து, எழுதி வாங்கிக்கொண்டு. அவரைத் திட்டி யாரும் கதைப்பாட்டு கட்டவில்லை.

மலையடிவாரம்

எங்கள் குலசாமிக்குக் கோபுரமோ சிலையோ கிடையாது. தோப்புக்கு நடுவில் ஓடு போட்ட ஒரு அறை, அதற்குள் ஒரு மரப்பெட்டி. நாங்கள் ‘பெட்டெம்ம’ என்போம், ஊர்க்காரர்கள் பெட்டியம்மா என்பார்கள். வருஷத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் பெட்டி திறக்கும். உள்ளே ஒரு பழைய சேலை, கண்ணாடி வளையல்கள், ஒரு மரச்சீப்பு. எந்தக் காலத்துப் பெண்ணுடையது என்று யாருக்கும் தெரியாது. ராஜா கேட்ட பெண் அவள்தான் என்று அவ்வா சொல்வாள்.

கரிசல் பக்கமிருந்தும் திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பங்காளிகள் வந்திருந்தார்கள். பொங்கல் வைத்த புகை தென்னை உயரத்துக்கு நின்றது. பூசாரி ஒரு நீள நோட்டில் தலைக்கட்டு வரி எழுதிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

“நீ கல்யாணமானவளாச்சே. ஒனக்கு ஓம் புருசன் வீட்டு சாமிதான். இங்க ஓன் தம்பி பேருதான் ஏறும்.”

தெலுங்கில் பிறந்த வீட்டைப் ‘புட்டினில்லு’ என்போம். நல்லதங்காள் நடந்து வந்ததும் புட்டினில்லுக்குத்தான். அத்தை என்னைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “எளுபத்தெட்டு வயசாச்சு, நானும் கட்டிக்கொடுத்தவதான். எம் பேரயும் எளுதாத. ஆனா பொங்கப் பானைய எறக்கி வைக்க மட்டும் எங்களக் கூப்பிடாத” என்றாள். பூசாரி கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். அப்புறம், நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எங்கள் இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார். ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

விடியுமுன் பெட்டியை மூடினார்கள்.

அந்தப் பத்திரத்தைச் சித்தப்பாவிடம் கேட்டு நகல் எடுத்து வந்திருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கலாம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி, கோத்தகிரி கூடலூர்ப் பக்கம் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது வத்திராயிருப்பு என்றோ, வத்றாப் என்றோ, மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் சொச்சம் நஞ்சை இருந்தது, பஞ்சத்தில் கைவிட்டுப் போயிற்று என்றோ சொல்லிக் கேட்டிருந்தால், இந்தப் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். விற்றவரின் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் அதில் தெளிவாக இருக்கின்றன. கீறலும் இருக்கிறது.